இரண்டு துளைகள்

கதவைத் திறந்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான்.

நூருன்னிசா டீச்சர் உடனே உள்ளே வரவில்லை. பதினெட்டுப் படி ஏறிய மூச்சு அடங்கும்வரை கைத்தடியை ஊன்றி நின்றார். கீழ்வீட்டுக்காரர். இந்த வீட்டு வாசலை மிதித்துப் பதினொரு மாதம் ஆகிறது.

வரச்சொன்னது அவன்தான்.

"வேணாங்க. அவங்க முகத்த எப்படிப் பார்க்கிறது?" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மனைவி தமயந்தி, சமையலறை வாசலில் நின்றாள். தலையை மட்டும் அசைத்தாள்.

கூடத்துச் சுவரோரம் இரும்புச் சட்டத்தில், கடல்மீனுக்கென்று புதுக் கண்ணாடித் தொட்டி. கீழ்த்தட்டில் அதைவிடச் சிறியதாக இன்னொன்று. இரண்டையும் இரண்டு குழாய்கள் இணைத்தன.

மீன் இல்லை. உப்பு இல்லை. வெறும் தண்ணீர்.

மற்றதெல்லாம் மேசைமேல் இருந்த தாளில் இருந்தது. ஏழு வாரமாக வரைந்தது. மேல்தொட்டியில் பாறைகள், ஒரு ஜோடி கோமாளி மீன். கீழ்த்தொட்டியில் கடற்பாசி. மேலிருந்து இறங்கும் தண்ணீரின் கழிவைப் பாசி தின்றுவிடும். தெளிந்ததை மோட்டார் மேலே அனுப்பும்.

முன்பும் இப்படித்தான் ஒன்று வைத்திருந்தான்.

இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மதியம் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும், மேலே ஏற்றும் குழாயே தண்ணீரைத் திரும்பக் கீழே இழுக்கத் தொடங்கியது. அதைத் தடுக்கக் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு துளை போட்டிருந்தான். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து, தண்ணீர் இறங்குவது நின்றுவிடும்.

துளையில் பாசி அடைத்திருந்தது.

கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்தது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் படிகளில் இறங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்க ஏறிய டீச்சர் அந்தப் படியில் கால் வைத்தார்.

இடுப்பெலும்பு.

இரண்டு ஆபரேஷன். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின், வழியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

பழைய தொட்டியைக் கொடுத்துவிட்டான். மீன்களையும். ஆனால் வேலை முடிந்து வந்து வெறும் சுவரைப் பார்த்து உட்கார முடியவில்லை. மறுபடி வரையத் தொடங்கினான். வரைந்து முடித்த அன்று தமயந்தியிடம் சொன்னான்: "டீச்சர் சரின்னாத்தான்."

இப்போது டீச்சர் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"மோட்டாரை நிறுத்துங்க டீச்சர். நீங்களே."

அவர் சுவிட்சைத் தட்டினார். இரைச்சல் அடங்கியது. கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறியது. ஓர் அங்குலம். இரண்டு. மேலே குழாய் காற்றைக் குடித்துக் களக்கென்றது.

நின்றது. விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே.

தமயந்தி மூச்சு விட்டாள்.

டீச்சர் நகரவில்லை. "அந்தத் துளை எங்க?"

காட்டினான். "இந்தத் தடவை ரெண்டு போட்டிருக்கேன். ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு இருக்கும்."

"ரெண்டையும் அடைச்சுக் காட்டுங்க."

அதை அவன் செய்து பார்த்ததில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் அடையாது என்றே வைத்துக்கொண்டிருந்தான்.

மறுபடி மோட்டார் ஓடி மேல்தொட்டி நிறைந்தது. அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டான். கட்டைவிரலால் ஒரு துளையை மூடினான். ஆள்காட்டி விரலால் இன்னொன்றை.

டீச்சர் சுவிட்சைத் தட்டினார்.

துளைகள் அவன் விரல்களை உள்ளே இழுத்தன.

நான்கு விரற்கடை. மூன்று. இரண்டு.

விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். ஒரு மயிரிழை. காற்று புகும், தண்ணீர் நிற்கும். குழாயை ஒட்டியிருக்கும் விரலை யார் பார்க்கப் போகிறார்கள்?

தமயந்தி அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது. எடுங்க என்று அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

ஒன்று.

தண்ணீர் விளிம்பில் புடைத்து நின்றது. அவன் இன்னும் அழுத்தினான். நகம் வெளுத்தது.

வழிந்தது.

முதலில் கண்ணாடியில் ஒரு கோடாக. பிறகு தரையில். டைல்ஸில் பரவி டீச்சரின் கால்களை நோக்கி வந்தது.

"டீச்சர், தள்ளிக்கங்க!" தமயந்தி கத்தினாள்.

டீச்சர் தரையைப் பார்க்கவில்லை. குழாயை அழுத்திய அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதம் நனைந்தது.

"போதும். கையை எடுங்க."

எடுத்தான். குழாய் களக்கென்றது.

தமயந்தி பழைய துண்டோடு ஓடிவந்து டீச்சரின் பாதங்களைச் சுற்றித் துடைத்தாள். அவன் முழங்கையில் நீர் சொட்ட மேசைக்குப் போனான். தாளை நாலாக மடித்தான்.

"இது வேணாம் டீச்சர். விட்டுடுறேன்."

டீச்சர் சுவரைப் பிடித்தபடி, ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது வலியில் கண்ணை மூடித் திறந்தார்.

பிறகு தாளை அவன் கையிலிருந்து வாங்கிப் பிரித்தார்.

"மேல்தொட்டியில ஏத்துற குழாயோட வாய் எவ்வளவு ஆழத்துல இருக்கு?"

"எட்டு அங்குலம்."

"எட்டு எதுக்கு, தம்பி? ரெண்டு அங்குலத்துல வச்சா, அதுக்கு மேல இருக்கிற தண்ணிதானே இறங்கும்? துளை அடைச்சா என்ன, அடைக்காட்டி என்ன?"

அவன் பென்சிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

டீச்சர் நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.