மீதி

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து ராஜாராமன் தாளில் ஏதோ ஒரு பெரிய எண்ணை வகுத்துக்கொண்டிருந்தார். பைக்கிலிருந்து விழுந்த மகன் ஷ்யாம்சுந்தர் உள்ளே இருந்தான்.

டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், உங்க முடிவைச் சொல்லணும்."

"இதை மீதியில்லாம வகுக்கற எண் ஒண்ணு கிடைக்கட்டும் டாக்டர். கிடைச்ச உடனே சரின்னு சொல்லிடறேன்."

டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து போனார்.

எதிர் நாற்காலியில் இருந்த தீபாவுக்குப் பாவமாக இருந்தது. அவளுடைய அம்மாவும் உள்ளேதான் இருந்தாள். தீபா சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள். எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை ஏறி, மறுபடி ஒன்று வரை இறங்கும் எண்.

12345678910987654321.

"நான் பார்த்துச் சொல்லட்டுமா சார்?"

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். விடை நொடியில் வந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

"சார், இது பகா எண். ஒண்ணையும் இதையும் தவிர எதாலயும் வகுபடாது. நீங்க எத்தனை வருஷம் போட்டாலும் மீதி வந்துகிட்டே இருக்கும்."

"தெரியும்மா. காலேஜ்ல கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான்."

"தெரிஞ்சுமா போடறீங்க?"

ராஜாராமன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பையனுக்கு மூளைச்சாவாம். வென்டிலேட்டரை நிறுத்தலாமான்னுதான் டாக்டர் கேக்கறார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணால் வகுக்க ஆரம்பித்தார்.