பேதிக்காரருக்கு முதல் நம்பர்

"பேதிக்காரன்னா போன வேகத்துல திரும்பி வரணும். இந்த மனுசன் உள்ள போயி கால்மணி நேரம் ஆவுது. இது பேதியா அண்ணாச்சி?"

வரிசையில் முன்னால் நின்ற பூலோகம் நெளிந்துகொண்டே கேட்டார். அவருக்கு நேர்மாறான வியாதி. ஊரிலிருந்து வந்த நிலாவாரைப் பொடியை முந்தின நாள் இரண்டு கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடித்திருந்தார். மூன்று நாளாக வராதது இப்போதுதான் வருகிறேன் என்கிறது. கதவோ சாத்தியிருக்கிறது.

தாராவியில் அந்தச் சந்துக்கு இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குக் கதவு கிடையாது. ஆக, நாற்பது குடும்பத்துக்கு ஒன்றுதான். விடிந்ததும் தண்ணீர் டப்பாவும் கையுமாக வரிசை நின்றுவிடும்.

சீனாச் சண்டை முடிந்த மறுவருஷ மழையில் சந்து முழுக்க வயிற்றுப்போக்கு. டாக்டர் மிக்ஸ்சர் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், குழந்தைகளுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொடுக்கச் சொன்னார். அப்போதுதான் சந்தின் சங்கத் தலைவர் செல்லப்பாண்டி அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். மருந்துப் புட்டியைக் காட்டுகிறவர் வரிசையில் நிற்க வேண்டாம், முதல் நம்பர். பொய் சொல்லிப் புகுந்தால் ஒரு மாதம் கடைசி ஆள்.

அந்தச் சமயம் பார்த்துக் கக்கூஸைப் பெருக்கிக் கழுவுகிற ஆளும் வராமல் நின்றுவிட்டான். "நாமளே முறை வச்சுக் கழுவுவோமே" என்று யாரோ சொன்னதற்கு, "தொடப்பத்தைத் தொட்டவன் வீட்டுல யாருவே பொண்ணு எடுப்பா?" என்று அடக்கியவரும் அண்ணாச்சிதான். முனிசிபாலிட்டிக்கு மனு எழுதிப் போட்டார். அந்த வாரமே கக்கூஸ் பளிச்சென்று ஆகிவிட்டது.

"நம்ம கண்ணுல படாம ஆள் வந்து கழுவிட்டுப் போறான். எல்லாம் நான் எழுதுன இங்கிலீஷ்" என்று அவர் சொல்லாத நாளில்லை.

சந்தில் வயிற்றுப்போக்கும் நின்றது. டாக்டர் மிக்ஸ்சரின் மகிமை என்றார்கள். ஒருத்தருக்கு மட்டும் நிற்கவில்லை. தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் லாசர். பன்னிரண்டு நாளாக, புட்டியும் இரண்டு டப்பா தண்ணீருமாக வந்து முதல் ஆளாக உள்ளே போகிறார்.

கதவு திறந்து லாசர் வெளியே வந்தார். அவரை நாலு வார்த்தை கேட்க வாயெடுத்த பூலோகத்துக்கு அதற்கு நேரமில்லை. உள்ளே பாய்ந்துவிட்டார்.

வரிசையில் நின்ற ஏஞ்சலம்மாள்தான் பிடித்துக்கொண்டாள். "லாசரு, நில்லும். எம் பிள்ளைய மூணுக்கும் நாலு நாள்ல கேட்ட மருந்து, உமக்கு மட்டும் பன்னெண்டு நாளாக் கேக்கலியோ?"

"எனக்குக் கொஞ்சம் முத்திப் போச்சு மைனி."

"முத்துன பேதிக்காரன் மொகமா இது? கன்னம் ரெண்டும் பொரிச்ச அப்பளமால்லா உப்பியிருக்கு. அண்ணாச்சி, அந்த மருந்தை நம்ம முன்னால ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்க."

அதானே என்றது வரிசை. லாசர் புட்டியை மடியில் சொருகினார்.

"வெறும் வயித்துல குடிக்கப்படாது."

"அப்போ சாப்பிட்டுட்டு வந்து குடியும்."

"சாப்பிட்டாலும் குடிக்கப்படாது."

வரிசை சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. தன் சட்டத்தை ஒருத்தன் பன்னிரண்டு நாளாக ஏமாற்றுவதா என்ற கோபம். மடியிலிருந்த புட்டியைப் பிடுங்கி, தக்கையைக் கழற்றி மோந்து பார்த்தார்.

லாசர் அவர் காதோரம் குனிந்தார். "வெளிய சொல்லிராதிய அண்ணாச்சி. எம் மவ அன்னமேரிக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருக்கோம்."

அண்ணாச்சி தக்கையை அடைத்துப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"மருந்துதான். ரொம்பக் கடுமையான மருந்து. அவரை விடுங்க."

"நீங்க என்ன, ருசி பாத்தியளா?" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"மோந்ததே போதும்."

அதற்குள் பூலோகம் முகம் தெளிந்து வெளியே வந்து, "என்ன தீர்ப்பாச்சு?" என்றார்.

"காதுல என்னமோ ஓதுனாரு. தலைவரு கவுந்துட்டாரு. நியாயமாவது மண்ணாவது."

"போவுது போங்க மைனி. எனக்கு இப்போ யாரு மேலயும் கோவம் இல்ல" என்றபடி பூலோகம் நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை லாசர் ஒரே ஒரு டப்பாவோடு வரிசையின் கடைசியில் நின்றார்.

"சொகமாயிட்டோ?" என்று ஏஞ்சலம்மாள் குத்தலாகக் கேட்டாள்.

"நேத்தோட நின்னுட்டு மைனி."

அப்போது செல்லப்பாண்டி அண்ணாச்சி வந்தார். கையில் மருந்துப் புட்டி, இரண்டு டப்பா தண்ணீர். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக முன்னால் போனார்.

"பாத்தியளா, சட்டம் போட்டவருக்கே பேதியாம். இதுக்குத்தான் நேத்து அவரை விட்டுக்குடுத்தாரு. வெக்கங்கெட்ட மனுசன்."

ஏஞ்சலம்மாள் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

வேட்டியை மடித்துக் கட்டினார். புட்டியைத் திறந்து, அதிலிருந்த ஃபினாயிலைத் தரை முழுக்கத் தெளித்தார். பிறகு, ஆயுளில் முதல் தடவையாக, மூலையில் இருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.