ஆலங்குடாவில் ஒரு பீசா கோபுரம்

"வீடு கட்டின மேசனுக்குக் காய்ச்சலா எமிலியா? உங்கட தம்பி வீட்டுக் கோபுரம் ஒரு பக்கம் சரிஞ்செல்லோ நிக்கிது!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மஹ்மூதா கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எமிலியாவுக்கு முகம் சுருங்கிப் போனது. ஊர் முழுக்க இதே கதைதான்.

தம்பி றொபி இத்தாலியில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போன மாரிக்குத்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். கடலோரத்தில் இருந்த அம்மாவின் பழைய வீட்டைத் திருத்திக் கட்டினான். அதுவரைக்கும் எமிலியாவுக்குச் சந்தோஷம்தான். பிறகு கூரைச் சிலாப்புக்கு மேல் வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரத்தை எழுப்பினான். அதுவும் இந்தா விழுகிறேன் என்கிற மாதிரி.

அது என்ன கோபுரம் என்று அவளுக்குத் தெரியும். போன புதிதில் றொபி அனுப்பிய தபால் அட்டைகள் இன்னும் அவளுடைய செபப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. கொலோசியம், இராயப்பர் பேராலயம், பீசா கோபுரம்.

'அக்கா, எண்ணூறு வருஷமா விழுறன் விழுறனெண்டு பயம் காட்டிக்கொண்டு நிக்கிது இது. ஒரு நாளைக்கு உன்னைக் கூட்டிவந்து காட்டுவன்' என்று எழுதியிருந்தான்.

கூட்டிப் போகக் கிடைக்கவில்லை. அந்த அட்டையைத் தடவித் தடவி எத்தனை பொழுது அழுதிருப்பாள்! அந்தப் பிள்ளையா இப்போது ஊர் சிரிக்க இப்படிப் படம் காட்டுகிறான்?

பொறுக்க முடியாமல் நேரே போய்விட்டாள்.

"றொபி, ஞாயிற்றுக்கிழமை கோயில் சுவாமி வீட்டை மந்திரிச்சு ஆசீர்வதிக்க வாறார். இந்தக் கூத்தை என்னெண்டு அவருக்குக் காட்டுறது?"

"சுவாமி ரோமாபுரியில படிச்சவர், அக்கா. பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவார்."

"பகிடியை விடு. அம்மா குந்தியிருந்து செபமாலை சொன்ன வீடு இது. இத்தாலியால வந்தவனெண்டு ஊருக்குக் காட்டோணுமெண்டா கழுத்தில தடிப்பா ஒரு பொன் சங்கிலியைப் போடு. அம்மாட தலைக்கு மேல இதைக் கட்டாத!"

றொபி இழுத்துப் போட்ட கதிரையில் எமிலியா உட்காரவில்லை.

"இது நிக்கிற மட்டும் நான் இந்த வாசல் மிதிக்க மாட்டன். மந்திரிக்கிற அண்டைக்கும் வர மாட்டன். சொல்லிப்போட்டன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. கடல் பக்கம் ஒருதரம் பார்த்தான்.

"நீ வராத வீட்டை மந்திரிச்சு என்ன செய்ய? நாளைக்கு மேசனைக் கூப்பிட்டு உடைக்கிறன், அக்கா."

நினைத்தது நடந்தும் எமிலியாவுக்கு நெஞ்சு நிறையவில்லை. சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு நிற்கிற றொபியைப் பார்த்த மாதிரி இருந்தது.

மத்தியானம் அவளுடைய புருஷன் கிளைட்டன் கடலில் மீன் பிடித்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே எமிலியா சொன்னாள்.

"கேட்டீங்களா, கோபுரத்தை நாளைக்கு உடைக்கிறானாம்."

சோற்றுக் கோப்பைக்குள் அவருடைய கை அப்படியே நின்றது.

"ஆர் உடைக்கச் சொன்னது?"

"நான்தான். ஊரே சிரிக்கிதே!"

"உடைச்சா, நான் எதைப் பார்த்துக் கரைக்கு வாறது?"

எமிலியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிளைட்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"றொபி திருத்தின மாமி வீட்டுக்கு முன்னால ஒரு ஒற்றைப் பனை நிண்டதே. அதும் கோயில் உச்சிக் குருசும் ஒரே நேருக்கு வந்தா, பாறைக்கு நடுவால வழி அதுதான். மாமாவும் அதைப் பார்த்துத்தான் வந்தார். நாப்பது வருஷம் நானும் அப்பிடித்தான் வந்தன். பனையைக் கடல் அரிச்சுக் கொண்டுபோன நாளையில இருந்து எனக்குக் கரை பிடிபடல்ல. எங்க பார்த்தாலும் ஹோட்டல். எல்லாம் ஒரே மாதிரி. பொடியன்கள் போனைப் பார்த்து வாறாங்க. அந்தப் பூச்சி எழுத்து எனக்குத் தெரியிதா?"

அந்தப் பனையடியில் நின்றுதான் அவளும் றொபியும் அப்பாவின் படகுப் பாய் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். யார் முதலில் காண்பது என்று போட்டி வேறு.

"அப்ப, போன வருஷம் நீங்க சுணங்கி வந்த நாளெல்லாம்..."

"மீன் தேடிப் போனனெண்டு சொன்னது பொய். வழி தெரியாம ரெண்டு ஊர் தள்ளிப் போய்க் கரை ஏறினன். ஒருக்கா படகு பாறையிலயும் அடிபடப் பார்த்திச்சு. றொபி வந்த கையோட அவனிட்ட மட்டும்தான் சொன்னன்."

"அவனாவது என்னட்டச் சொல்லியிருக்கலாமே! ஊர்ப் பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காம நிண்டானே!"

"நான்தான் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினன். நாப்பது வருஷம் கடலுக்குப் போனவனுக்குக் கரை தெரியல்லயெண்டு அறிஞ்சா, மீன் வாடியில ஒருத்தன் என்னை மதிப்பானா? ஒரு நீளக் கம்பை நட்டுக் கொடியைக் கட்டு, போதுமெண்டன். அவன் கேக்கல்ல."

"ஏனாம்?"

கிளைட்டன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"'கொடியைக் கண்டா ஆருக்காகக் கட்டினதெண்டு கேப்பாங்க, அத்தான். சரிஞ்ச கோபுரத்தைக் கண்டா என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்' எண்டான்."