இன்சாஃப் மேல் ஒரு புகார்

“உங்க மேல பேர் போடாத புகார் ஒண்ணு வந்திருக்கு இன்சாஃப். உண்மைன்னு தெரிஞ்சா இன்னிக்கே நாலு பிள்ளைங்களையும் வேற வேற வீட்டுக்கு மாத்திடுவேன்.”

குழந்தைகள் நல அதிகாரி ஹனாதி வாசலில் நின்றபடியே சொன்னாள். கை கால் சரியாக இயங்காத நாலு குழந்தைகளுக்கு, ஜோர்டானின் ஸல்ட் நகரத்து அந்த வீட்டில் ஆறு வருஷமாக இன்சாஃப்தான் வளர்ப்பு அம்மா.

“உள்ள வந்து படிங்க மேடம்.”

ஹனாதி உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள்.

“‘இந்த அம்மா கல்நெஞ்சக்காரி. ரனீமுக்கு விரல் மடங்காது. அவளைப் போய் திராட்சை இலை சுருட்டச் சொல்கிறாள்.’ நிஜமா?”

“நிஜம். தினமும் பத்து இலை. உள்ள வெச்ச அரிசியும் கறியும் வெளியே வராம சுருட்டணும்.”

“பத்து வயசுப் பொண்ணையா?”

“ஆமா.”

“‘சட்டைப் பொத்தானும் அவளே போட்டுக்கணும். அழுதாலும் விடமாட்டாள்.’”

“விடமாட்டேன்.”

“என்னம்மா நீங்க! பேச்சுக்காவது இல்லைன்னு சொல்லுங்களேன்!”

இன்சாஃபுக்கு நினைப்பெல்லாம் அடுத்த வீட்டு உம்மு தலால் மேல்தான். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “நீயே சுருட்டிக் கொடுத்தா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?” என்று நேற்றுகூடக் கேட்டாளே! பாவி, பிள்ளைகளைப் பிரித்துவிடுவாள் போலிருக்கிறதே!

“இப்படிக் கொடுங்க மேடம். யார் கையெழுத்துன்னு பாக்கறேன்.”

எழுத்துகள் கோணல்மாணலாக மேலும் கீழும் ஓடின. அழுத்தி எழுதியதில் காகிதம் ரெண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

“யம்மா, அது நான்தான்.”

கதவருகே சக்கர நாற்காலியில் ரனீம். முகத்தில் துளி பயமில்லை.

“இலை முடிக்கலேன்னு போன மாசம் டிவி போடலேல்ல? அதான். மூணு நாள் உக்காந்து எழுதினேன். உம்மு தலால்கிட்ட கொடுத்துத் தபால்ல போடச் சொன்னேன்.”

இன்சாஃப் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“மேடம்! இவளுக்குப் பென்சிலே பிடிக்க வராதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார் மேடம்! இப்ப பாருங்க, என்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருக்கா!”

ஹனாதி ரனீமையும் அந்தக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து கோப்பில் எழுதினாள்:

“விசாரித்தேன். புகார் முழுக்க உண்மை. பிள்ளைகள் இந்த அம்மாவிடமே இருக்கட்டும்.”