தூரத்து நிலையம்

புயல் கடந்த மறுநாள் சாயங்காலம், ஊரே பிணம் தேடிக்கொண்டிருந்த கடலைப் பார்த்தபடி, சடகோபன் கையடக்க ரேடியோவோடு மணலில் வந்து உட்கார்ந்தார். கடலுக்கு அப்பாலிருக்கும் நாடுகளின் நிலையங்களைப் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஊரில் மின்சாரம் போய்விட்டதால், மின்கம்பிகள் வழக்கமாகக் கிளப்பும் இரைச்சல் ரேடியோவில் துளியும் இல்லை. “இப்படியொரு நாள் அமையவே அமையாது” என்று மனிதர் பூரித்துப்போனார்.

உள்ளூர் நிலையம் கரை சேர்ந்த படகுகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. செல்போன் கோபுரங்களும் சாய்ந்துகிடந்த ஊரில் அந்தக் குரலைக் கேட்டதும் ஜெபராணி ஓடிவந்து அவர் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

“சார், சத்தத்தக் கூட்டுங்க. எங்க வீட்டுக்காரரு போன படகு இன்னும் வரல.”

“ஒரே நிமிஷம்மா” என்றபடி அவர் ரேடியோவையே கால் வட்டம் வேறு திசைக்குத் திருப்பினார். உள்ளூர் நிலையத்தை அமுக்கிவிட்டு, அதே அலைவரிசையில் அதற்கடியில் கிடக்கும் தூரத்து நிலையத்தை எடுக்க அதுதான் வழி. பெயர்கள் அடங்கிப்போயின. எங்கிருந்தோ ஒருவன் சிரித்துச் சிரித்துப் பேசினான். சடகோபன் கண்ணை மூடிக்கொண்டு, பாயசம் குடித்தவர்போல உதட்டை நக்கிக்கொண்டார். அவள் கூப்பிய கையை இறக்கவில்லை.

ரேடியோவை மறுபடி திருப்பியபோது பட்டியல் முடிந்து, நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

“அந்த ஆளு என்ன சார் சொன்னான்?”

“யாருக்குத் தெரியும்? அந்த பாஷை எனக்கு வராது. ஆனா என்ன தெளிவு, கேட்டீங்கல்ல?”

ஜெபராணி காறித் துப்பினாள். அவர் முகத்திலும் ரேடியோவிலும் தெறித்தது. சடகோபன் பதறிப்போய் வேட்டி நுனியை எடுத்து, ரேடியோவைத்தான் முதலில் துடைத்தார்.