உன்ட நன்மைக்குத்தான், புள்ள

“பிரஷாந்தி, உன்ட விண்ணப்பத்தைத் திருப்பி எடு, புள்ள.”

விளையாட்டுக் கழகத் தலைவர் வினாயகமூர்த்தி கூட்டத்தை அப்படித்தான் ஆரம்பித்தார்.

நாளைக்கு வாவிக்கரையில் தடை தாண்டும் ஓட்டம். சேற்றில் ஊர வேண்டும், முள்ளுக்கம்பிக்குக் கீழே தவழ வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும், மண்மூட்டை சுமக்க வேண்டும். மொத்தம் பத்துத் தடை. முதலாவதாக வருகிற ஒருவர் மட்டும் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். அந்த ஓர் இடத்துக்காக பிரஷாந்தி நான்கு மாதமாக ஓடிப் பழகுகிறாள்.

“ஏன் அங்கிள்? பொம்புளையள் ஓடக்கூடாதெண்டு விதி இருக்கா?”

“சீச்சீ! ஆர் சொன்ன? மகளிர் தினத்துக்கு உங்களைப் புகழ்ந்து ஒண்டரை மணித்தியாலம் பேசினதே நான்தானே.” தலைவர், மைக் இல்லாவிட்டாலும், தொண்டையைச் சரிசெய்தார். “ம்க்கும். ஆனா, பா…துகாப்பு எண்டு ஒண்டு இருக்கு.”

பா…துகாப்பை விளக்கச் செயலாளர் ரதீஸ் எழும்பினார். ஒரு கிழமையாக யூடியூப்பில் எலும்பு வைத்தியம் படித்தவர்.

“முழங்கால் சவ்வு கிழியும். தோள்மூட்டு கழலும். துருக்கம்பி கீறினா ஏற்பு ஊசி, டெட்டனஸ்! இதெல்லாம் ஆம்பிளையளுக்கு அஞ்சு வீதம், பொம்புளையளுக்கு அம்பது வீதம்!”

“ஆர் எடுத்த கணக்கு அண்ணன் இது?”

“விஞ்ஞானம் சொல்லுது, தங்கச்சி.”

விஞ்ஞானத்தின் வீட்டு விலாசத்தை அவர் சொல்லவில்லை.

பக்கத்துக் கதிரையில் தலைவரின் மகன் நிலோஜன். போன வருடம் இதே ஓட்டத்தில் இரண்டாம் தடையிலேயே தோள் கழன்றவன். இன்னும் அந்தக் கையால் தலை சீவ ஏலாது. அவனுடைய விண்ணப்பம்தான் முதலாவதாக ஏற்கப்பட்டது.

“அப்ப இவர் ஓடலாமோ?”

“அவன் சிங்கக்குட்டி, புள்ள! நீ விழுந்து கால் முறிஞ்சா, மறுகா ஆர் உன்னைக் கலியாணம் முடிக்கிற?”

“பொடியன் நொண்டினா ஸ்டைல். பொட்டை நொண்டினா சீதனம் கூடும்,” என்றார் ரதீஸ். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதில் ஒருவருக்கும் காயமில்லை.

“அங்கிள், அந்தத் தடையெல்லாம் நான்…”

“தாண்டுவாய், தாண்டுவாய். ம்க்கும். மறுகா உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது ஆர்?”

பிரஷாந்தியின் விண்ணப்பத்தில் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் தலைவரே அழகாக எழுதினார்: ‘காய அபாயம் அதிகம்.’

அந்த நேரம் டொக்டர் ஸாதியா உள்ளே வந்தார். அவர் கையெழுத்து வைத்தால்தான் நாளைக்கு ஓட்டம்.

“தடையெல்லாம் ஆராவது ஓடிப் பார்த்தீங்களா? இல்லாட்டி நான் கையெழுத்து வைக்க மாட்டன்.”

“ஓடாமலா, டொக்டர்!” தலைவர் பாய்ந்து போய் ஒரு தாளை நீட்டினார். “எல்லாம் அறிக்கையில எழுதி வச்சிருக்கன்.”

டொக்டர் சத்தமாக வாசித்தார்.

“பத்துத் தடையும் மூன்று தரம் ஓடிப் பரீட்சிக்கப்பட்டன. ஓடியவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆகவே சகலருக்கும் ஆபத்தற்றவை. கையொப்பம், வினாயகமூர்த்தி, தலைவர்.”

‘ஓடிப் பரீட்சித்தவர்’ என்று கீழே இருந்த பெயரையும் பார்த்துவிட்டு, அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்திச் சபையைப் பார்த்தார்.

“மூணு தரமா? கெட்டிக்காரிதான்! இதில ஆரு பிரஷாந்தி?”