கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை

"கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை சேர்த்தா யாருக்கும்மா தெரியப் போகுது?"

ஹேமலதா இப்படிக் கேட்டதும் அரீபாவின் கையிலிருந்த கத்தி கேக்கின் மேல் அப்படியே நின்றது.

முல்லா வீதியில் இருந்த அந்தச் சின்ன வீட்டின் கூடம்தான் அரீபாவின் கடை. சர்க்கரை நோய்க்காரர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று சொல்லி, வீட்டிலேயே கேக் சுட்டு விற்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரை தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்றுதான் வந்துகொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து உட்கார்ந்து, "சேதராப்பட்டுல எங்க கம்பெனி விழா. அம்பது கேக்கு வேணும். பிடிச்சுப் போச்சுன்னா மாசாமாசம் வாங்குவோம்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் ஷரீபாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து வேலை ஓடவில்லை.

அரீபா ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். "முதல்ல சாப்பிட்டுப் பாருங்கக்கா. அப்புறம் பேசலாம்."

ஹேமலதா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. இனிப்புக்கு என்ன போடறீங்க? சீனித்துளசி இலைப் பொடியா?"

"அது மட்டும் போட்டா கடைசியில நாக்குல கசப்பு நிக்கும்க்கா. எரித்ரிட்டால்னு ஒண்ணு இருக்கு, பழத்துலகூட இருக்கறதுதான். அதை மட்டும் போட்டா வாய் ஜில்லுனு ஆயிடும். கேக்கு ஆறினப்புறம் மணல் மாதிரி நறநறங்கும். ரெண்டையும் அளவா கலக்கணும். அந்த அளவு பிடிபடறதுக்குள்ள எத்தினி கேக்கைத் தூக்கிப் போட்டிருப்பேன்னு எங்க மாமியைக் கேளுங்க!" சொல்லும்போதே அரீபாவின் முகத்தில் பெருமை வழிந்தது.

"மாவு?"

"பாதாம் மாவு. சர்க்கரையை எடுத்துட்டு மைதாவைப் போட்டா, வேணாம்னு விட்டது இன்னொரு வழியா உள்ள வந்துடுமே."

"அதான் விலை இவ்வளவு கூடச் சொல்றீங்க. இதப் பாருங்க, பாதாம் மாவுல பாதியைக் குறைச்சுட்டு மைதா போடுங்க. இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரை. இல்லாட்டி தேன், பேரீச்சம்பழம். எல்லாம் இயற்கைதானே?"

"இயற்கைதான்க்கா. ரத்தத்துல சர்க்கரையும் அதே மாதிரி இயற்கையா ஏறிடும்."

ஹேமலதா சிரிக்கவில்லை. "விழாவுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குச் சுகரே கிடையாதும்மா."

"மீதிப் பேருக்கு இருக்குல்ல?"

ஹேமலதா தட்டைத் தள்ளி வைத்தாள். அரீபா குரலைத் தணித்துக்கொண்டாள். "வேணும்னா நாட்டுச் சர்க்கரை போட்டே செஞ்சு தரேன்க்கா. விலையும் குறையும். ஆனா டப்பா மேல நாட்டுச் சர்க்கரைன்னுதான் எழுதுவேன்."

"சர்க்கரை இல்லைன்னு எழுதித் தந்தாத்தான் எனக்கு வேணும். மேட்டுப்பாளையம் பக்கம் கேக்கு போடறவர் ஒருத்தர் உடனே சரின்னுட்டார். வீடு பக்கமாச்சேன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

"அரீபா, சித்த இங்க வா" என்று உள்ளிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

சமையலறைக்குள் போனதும் ஷரீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்பது கேக்கு, புள்ள! விடிகாலையில எழுந்து ஒண்டியா மாவு கலக்கறே. ஒண்ணு, ரெண்டுன்னு வித்து எப்ப நீ மேல வர்றது? இந்த ஒரு வாட்டி ஒத்துக்கிட்டா என்ன?"

"மாமி, உங்களுக்கும்தான் சுகர் இருக்கு. நான் குடுக்கற கேக்கை ஒரு வார்த்தை கேக்காம சாப்பிடறீங்க. ஏன்?"

"நீ செஞ்சதாச்சே."

"அங்க சாப்பிடறவங்களும் அப்பிடி நம்பித்தானே சாப்பிடுவாங்க? உங்களுக்குக் குடுக்க முடியாததை இன்னொருத்தர் வீட்டு அம்மாவுக்கு எப்பிடிக் குடுக்கறது?"

ஷரீபா கையை விட்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் தானே கூடத்துக்கு வந்தாள்.

"எங்க மருமவ முடியாதுன்னா முடியாதுதாம்மா" என்றாள் தலையை நிமிர்த்தி. "அம்பது இல்ல, ஐந்நூறு கேட்டாலும் இதே பதில்தான். நீங்க மேட்டுப்பாளையத்துக்கே போய்க்குங்க."

அரீபா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் அவளுக்காக ஒரு வெளியாளிடம் இப்படிப் பேசியதே இல்லை. வந்த ஆர்டர் போனது அந்த நிமிஷம் அவளுக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

"முடிவாத்தான் சொல்றீங்களா?" என்று ஹேமலதா கேட்டாள்.

"முடிவாத்தான்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

ஹேமலதா எழுந்தாள். வாசல்வரை போய்ச் செருப்பில் கால் நுழைத்தவள், படியிறங்காமல் அங்கேயே நின்றாள். அவள் திரும்பியபோது கண்கள் நிறைந்திருந்தன.

"கம்பெனியும் இல்ல, விழாவும் இல்லம்மா, எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேக்கு. என் பொண்ணு அபியோட போன பொறந்தநாளுக்கு, டப்பாவுல சர்க்கரை இல்லைன்னு எழுதியிருந்ததை நம்பி அவளுக்கு இன்சுலினைக் குறைச்சுப் போட்டுட்டு, அப்புறம் சுகர் எகிறிப் போய் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். இந்த வருஷம் ஒவ்வொரு கடையா ஏறி இதையேதான் கேக்கறேன், முடியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."